பல்பட்டையும் பட்டதாரியும்

தோழர்களே! காரின் டைமிங் பெல்ட்டை நம் வீட்டு வாசலில், நம் கையாலேயே மாற்றிக்கொள்வதா? காசு கொடுத்து மெக்கானிக்கிடம் மாற்றுவதா? சென்ற பருவம் முழுவதும் விடுதி உணவுக் கூடத்தில் சாம்பாரை விடச் சூடாக இருந்தது இந்த வழக்குத்தான். நம்மவர் நால்வர் கூட்டாகப் பணம் போட்டு வாங்கிய பழைய சான்ட்ரோ வண்டியே வழக்குக்கு மூலம். “இயற்பியலும் வேதியியலும் படித்த நமக்கு ஒரு ரப்பர்ப் பட்டையை மாற்றத் தெரியாதா?” என்று ஒரு சாரார் முழங்கினர். “நாம் எதற்காக எண்ணெய்ப் பிசுக்கில் கை வைக்க வேண்டும்? அதற்குத்தான் ஆள் இருக்கிறானே!” என்று மற்றொரு சாரார் முகத்தைச் சுளித்தனர். முன்னவர் பேச்சில் இருந்தது ஆணவம். பின்னவர் பேச்சிலும் ஆணவமே இருந்தது, அதுவும் இன்னும் சற்றுக் கெட்ட வகை.

இந்த ஒரு வேலையை மெக்கானிக்கிடம்தான் கொடுக்க வேண்டும் என்பது என் கட்சி. ஆனால் நம்மவர் கொடுக்கிற விதத்தில் கொடுக்கக் கூடாது என்பதும் என் கட்சியே. இரண்டுக்கும் காரணம் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

முதலில் இந்தப் பட்டை என்ன செய்கிறது என்று பார்ப்போம். தமிழார்வம் மிக்க நண்பர் ஒருவர் இதற்கு ‘நேரப்பட்டை’ என்று பெயர் வைத்தார். நம் ஊர்க் கடையில் அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் கைக்கடிகாரத்துக்கு வார் எடுத்துக் கொடுப்பார்கள்! பற்கள் உள்ள பட்டை ஆதலின் ‘பல்பட்டை’ என்றால் பொருந்தும். கடைத் தெருவில் பெல்ட் என்றே கேளுங்கள்.

எஞ்சினுக்குள் பிஸ்டன்கள் மேலும் கீழும் ஓடுகின்றன. அவற்றின் ஓட்டத்தைச் சுழற்சியாக்குவது கிராங்க் தண்டு. மேலே, எஞ்சினின் தலைப் பகுதியில், வால்வுகளைத் திறந்து மூடுவது கேம் தண்டு. உறிஞ்சல், அமுக்கல், வெடித்தல், வெளியேற்றல் என்னும் நான்கு வீச்சுகளும் முடியக் கிராங்க் இரண்டு முறை சுழல வேண்டும். அதற்குள் ஒவ்வொரு வால்வும் ஒரு முறைதான் திறக்க வேண்டும். ஆகவே கிராங்க் இரண்டு சுற்றுச் சுற்றினால் கேம் ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும். கேம் சக்கரத்தில் கிராங்க் சக்கரத்தைப் போல் இரு மடங்கு பற்கள் இருப்பது இதனால்தான். இவ்விரண்டையும் கைகோத்து ஓடச் செய்வது இந்தப் பட்டை. நிமிடத்துக்கு 3,000 சுற்று ஓடும் எஞ்சினில் ஒவ்வொரு வால்வும் நொடிக்கு 25 முறை திறந்து மூடுகிறது. மணிக்குச் சராசரி 40 கிலோமீட்டர் வேகம், நிமிடத்துக்கு 2,000 சுற்று என்று வைத்துக் கணக்கிட்டுப் பாருங்கள். ஒரு லட்சம் கிலோமீட்டர் ஓடி முடிப்பதற்குள் கிராங்க் 30 கோடி முறை சுழன்றிருக்கும். அத்தனை சுழற்சியிலும் ஒரு பல்கூடப் பிசகாமல் ஓடியாக வேண்டும், இந்த விரலளவு அகல ரப்பர்!

வெறும் ரப்பர் என்று இதை இகழ வேண்டாம். உள்ளே கண்ணாடி இழைக் கயிறுகள் நீளவாக்கில் ஓடுகின்றன. இழுவிசையைத் தாங்குபவை அவையே. மேலுள்ள ரப்பர் முன்பு நியோப்ரீனாக இருந்தது. பின்னர் சூட்டை அதிகம் தாங்கும் ஹைட்ரஜனேற்றிய நைட்ரைல் ரப்பர் வந்தது. மேற்கு ஜெர்மனியின் கிளாஸ் நிறுவனம் 1962-இல் கொண்டுவந்த 1004 என்னும் காரே பல்பட்டையை ஏற்ற முதல் பெருந்தயாரிப்புக் கார். அதற்கு முன் சங்கிலியும் பல்சக்கரமும்தான் இந்தப் பணியைச் செய்தன. சங்கிலியை விடப் பட்டை விலை குறைவு, இரைச்சலும் குறைவு, எண்ணெயும் வேண்டாம். இத்தனை நல்ல குணங்களுக்கும் சேர்த்து ஒரே ஒரு கெட்ட குணம் அதற்கு உண்டு. சாகும்போது சொல்லிக்கொள்ளாமல் சாகும்.

என் தந்தையார் திருநெல்வேலிச் சீமையிலிருந்து மும்பைக்கு வந்து டாக்சி ஓட்டிப் பிழைத்தவர். அவர் ஓட்டியது கறுப்பும் மஞ்சளும் பூசிய பிரீமியர் பத்மினி. அதன் 1,089 கன சென்டிமீட்டர் எஞ்சினில் கேம் தண்டு கீழே பிளாக்கிலேயே இருக்கும். கிராங்குக்கும் கேமுக்கும் நடுவே எண்ணெயில் குளித்தபடி ஒரு சங்கிலி ஓடும். ஞாயிற்றுக்கிழமை காலையில் பானட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, டாப்பெட் இடைவெளி சரிசெய்வார், பிளக் துடைப்பார், கார்புரேட்டரைக் கழற்றி ஊதுவார். நான் சிறுவனாய்ப் பக்கத்தில் நின்று ஸ்பானர் எடுத்துக் கொடுப்பேன். மெக்கானிக்கிடம் போவதை அவர் ஒரு தோல்வியாகவே எண்ணினார். சங்கிலி தேய்ந்தால் நீளும். நீண்டால் சடசடவென்று சத்தம் போடும். அந்தச் சத்தம் கேட்டு மாதக்கணக்கில் ஓட்டிவிட்டு, கையில் பணம் சேர்ந்தபின் மாற்றலாம். ஏழையின் பணப்பையை அறிந்த சங்கிலி அது!

மும்பையில் டாக்சிக்கு 20 ஆண்டே ஆயுள் என்று விதி உண்டு. அந்த எல்லையைத் தொட்டு அப்பாவின் பத்மினி ஓய்வு பெற்றது. 2023 அக்டோபரில் நகரின் கடைசிப் பத்மினி டாக்சியும் தெருவை விட்டுப் போயிற்று. அப்பா தம் சேமிப்பில் ஒரு பழைய சான்ட்ரோவைச் சொந்த உபயோகத்துக்கு வாங்கினார். 1998-இல் நம் தமிழகத்து இருங்காட்டுக்கோட்டையில் முதன்முதலாக உருவான வண்டி அல்லவா, அதனால் அவருக்கு அதன்மேல் தனிப் பாசம். அதன் 1.1 லிட்டர் எஞ்சினில் கேம் மேலே, பட்டையின் பிடியில். ஒரு வருடம் ஓட்டிவிட்டு அப்பா பெருமையுடன் சொன்னார்: “ஏலே, இந்த வண்டி ஒரு சத்தமும் போடல பாத்தியா!”

சத்தம் போடாததுதான் அச்சம் என்று நான் சொல்ல, அவர் முகம் மாறியதை இன்றும் மறக்கவில்லை. நாற்பது ஆண்டுக் காதின் பயிற்சி ஒரு ரப்பர்ப் பட்டையின் முன் பயனற்றுப் போயிற்று. காதால் அறிய முடியாது. கண்ணாலும் எளிதில் அறிய முடியாது. பழைய நியோப்ரீன் பட்டையில் வெடிப்பு தெரியும். புதிய ரப்பரில் பற்கள் தேய்ந்து பட்டை உயிரை விடும் நிலையிலும் மேற்புறம் பளபளவென்று இருக்கக்கூடும். எண்ணெய் கசிந்து அதன்மேல் பட்டாலோ, ஆயுள் பாதி வழியிலேயே முடிந்தது. ஆகவே, தயாரிப்பாளர் புத்தகத்தில் குறித்த கிலோமீட்டரையும் ஆண்டையும் பார்த்து, எது முதலில் வருகிறதோ அப்போது மாற்றுவதைத் தவிர வேறு வழி இல்லை. வண்டி ஓடாமல் நின்றாலும் ரப்பர் முதுமை அடையும் என்பதைக் கூட்டு வண்டிக்காரர் நால்வரும் கவனிக்க!

அறுந்தால் என்ன ஆகும்? கேம் அப்படியே நிற்கும். சில வால்வுகள் திறந்தபடியே நிற்கும். ஆனால் வண்டியின் வேகம் கிராங்கைச் சுழற்றிக்கொண்டே இருக்கும். பிஸ்டன் மேலே வரும். வால்வும் பிஸ்டனும் ஒரே இடத்தைப் பங்கிட்டுக்கொள்ளும் வகை எஞ்சினாக இருந்தால், இரண்டும் மோதி வால்வு வளையும். சான்ட்ரோவின் எஞ்சின் அந்த வகைதான். இரண்டும் தொடாத வகை எஞ்சின்களும் உண்டு. அவற்றில் வண்டி நின்று போவதோடு சரி.

இனி வழக்குக்கு வருவோம். வீட்டிலேயே செய்வோம் என்பவர்கள் கையில் ஓர் ஆதாரம் வைத்திருக்கிறார்கள். அமெரிக்கர் ஒருவர் தம் வீட்டு மோட்டார்க் கொட்டகையில் இதே வேலையை முக்கால் மணி நேரத்தில் செய்து முடிக்கும் படம் அது. நானும் பார்த்தேன். நன்றாகச் செய்கிறார். ஆனால் அவர் பின்னால் இருக்கும் சுவரைப் பார்த்தீர்களா? அரை நூறு ஸ்பானர்கள் வரிசையாகத் தொங்குகின்றன. சமதளமான சிமெண்டுத் தரை, மேலே விளக்கு, மழை படாத கூரை. மும்பையில் ‘வீட்டில் செய்வது’ என்றால் எந்த வீட்டில் ஐயா? நம்மில் பாதிப் பேருக்கு வீடு என்பது ஓர் அறை. மறு பாதிக்கு வண்டி நிற்கும் இடம் குடியிருப்புச் சங்கச் செயலாளரின் கருணை. ஜூனில் பிடித்த மழை செப்டம்பரில்தான் விடும். அந்தத் தரையில் வலது முன்சக்கரத்தைத் தூக்கி, எஞ்சினைத் தாங்கும் மவுண்டையும் கழற்றி, எண்ணெய்த் தொட்டிக்கு அடியில் பலகை வைத்து ஜாக்கி மேல் எஞ்சினை நிறுத்தி வைக்க வேண்டும். அதன் கீழும் பக்கத்திலும் கையை விட வேண்டும். ஜாக்கி சறுக்கினால் பட்டையைப் பற்றிய கவலையே இராது.

அடுத்தது கிராங்க் புல்லியின் போல்ட். நூறு நியூட்டன் மீட்டருக்கும் மேற்பட்ட முறுக்கில் இறுக்கப்பட்டிருக்கும். அரை மீட்டர் நீளக் கைப்பிடியின் நுனியில் இருபது கிலோ அரிசி மூட்டையைத் தொங்கவிட்டால் வரும் முறுக்கே ஏறக்குறைய நூறுதான். ஆண்டுக்கணக்கில் துருவும் சேர்ந்த பிறகு அவிழ்க்க அதைவிடக் கூடுதல் வேண்டும். அவிழவில்லை என்று, ஸ்பானரைத் தரையில் முட்டுக்கொடுத்துவிட்டு ஸ்டார்ட்டர் மோட்டாரைத் தட்டி அவிழ்க்கும் வித்தையையும் சிலர் காட்டுகிறார்கள். தயவு செய்து அதை மட்டும் செய்யாதீர்கள். ஸ்பானர் எந்தப் பக்கம் பறக்கும் என்று நியூட்டனாலும் சொல்ல முடியாது.

இவ்வளவும் உடல் பலத்தின் பாடு. உண்மையான சோதனை பட்டையை மாட்டும்போது வருகிறது. செம்பூரில் இருக்கும் என் நண்பர் ஒருவர், ஆய்வு மாணவர், கூர்ந்த அறிவுடையவர், தாமே மாற்றினார். கிராங்கின் குறியையும் கேமின் குறியையும் நேர்நிறுத்தினார். பழைய பட்டையைக் கழற்றியதும் வால்வுச் சுருள்வில் தள்ள, கேம் தன் போக்கில் சற்றே திரும்பிவிட்டது. அதைக் கண்ணளவாக மீண்டும் குறிக்குக் கொண்டுவந்து புதிய பட்டையை மாட்டினார். டென்ஷனர் இல்லாத பக்கத்தில் பட்டை துளி தொய்வாக இருந்திருக்கிறது. டென்ஷனரை விட்டதும் அந்தத் தொய்வை அது இழுத்துக்கொள்ள, ஒரு பல் தள்ளிப் போயிற்று. ஒரே ஒரு பல்! கேம் சக்கரத்தில் 40 பற்கள் என்று கொண்டால் ஒரு பல் என்பது 9 பாகை. கிராங்கின் கணக்கில் 18 பாகை. எஞ்சின் ஓடியது. ஆனால் குளிர்காய்ச்சல்காரன் போல நடுங்கி ஓடியது. மேம்பாலம் ஏற மறுத்தது. மூன்று நாள் பிளக்கையும் காயிலையும் சந்தேகித்துவிட்டு மெக்கானிக்கிடம் போனார். வால்வு தப்பியது அவர் அதிர்ஷ்டம். அவருக்கு என்னைவிடக் கணக்கு நன்றாக வரும் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும்.

அவர் விட்டது ஒரு படி. மாட்டி முடித்தபின், சாவி போடுவதற்கு முன், கிராங்கைக் கையால் ஸ்பானர் கொண்டு இரண்டு முழுச் சுற்று, எஞ்சின் ஓடும் திசையிலேயே, மெல்லச் சுற்றிக் குறிகளை மீண்டும் பார்க்க வேண்டும். எங்கேனும் முட்டினால் அந்த இடத்திலேயே நிறுத்திவிடலாம். கையால் முட்டினால் வால்வு வளையாது. ஸ்டார்ட்டர் முட்டினால் வளையும்.

கலினாவில் நம் வளாகத்துக்கு வெளியே குர்லா நோக்கிப் போகும் சி.எஸ்.டி. சாலையை எல்லோரும் அறிவீர்கள். மோட்டார் உதிரிப் பாகக் கடைகளும் பட்டறைகளும் தோளோடு தோள் உரசி நிற்கும் சாலை. அங்கே நம் பக்கத்து அண்ணாச்சி ஒருவர் இருக்கிறார். பன்னிரண்டு வயதில் ஓர் உஸ்தாதிடம் ‘சோட்டு’வாகச் சேர்ந்து ஸ்பானர் கழுவித் தொழில் கற்றவர். அப்பாவின் சான்ட்ரோவுக்கு அவர்தான் பட்டை மாற்றினார். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். குறிகளை நேர்நிறுத்தியதும் பழைய பட்டைக்கும் சக்கரத்துக்கும் சேர்த்து வெள்ளைச் சாயத்தால் ஒரு கோடு போட்டார். புதிய பட்டையைக் கிராங்கிலிருந்து தொடங்கி, தொய்வு வேண்டாத பக்கத்தை இழுத்துப் பிடித்தபடியே கேமுக்குக் கொண்டு சென்றார். டென்ஷனரை விட்டபின் இரு சக்கரங்களுக்கு இடையே பட்டையை விரலால் அழுத்திப் பார்த்தார். பிறகு இரண்டு சுற்று. பிறகு, எனக்கு வியப்பாக, இன்னும் இரண்டு சுற்று. கேட்டேன். “தம்பி, பெல்ட்டு மாட்டுறது என்ன பெரிய வேலையா? மாட்டுன பெறகு நம்மளை நாமளே நம்பாம சுத்திப் பாக்கோம் பாருங்க, அதுக்குத்தான் கூலி” என்றார்.

ஆய்வுக்கூடத்தில் அளவையை இருமுறை எடு, மும்முறை எடு என்று நமக்கு ஐந்தாண்டுகளாகச் சொல்லித் தருகிறார்கள். நம்மில் எத்தனை பேர் எடுக்கிறோம்? முதல் அளவை ‘சரியாக’ வந்துவிட்டால் மற்ற இரண்டையும் அதற்கு ஒப்ப எழுதிவிடும் கலையை அறியாதவர் கை தூக்குங்கள்!

‘மெக்கானிக் ஏமாற்றுகிறானே’ என்பது எதிர்க்கட்சியின் வலுவான வாதம். அதை நான் மறுக்கப் போவதில்லை. முலுண்டில் இருக்கும் என் அத்தானுக்கு ஒரு பட்டறையில் பட்டையும் டென்ஷனரும் மாற்றியதாகப் பட்டியல் கொடுத்தார்கள். எட்டு மாதத்தில் கீச்சுக் குரல் கேட்டுத் திறந்து பார்த்தால், பட்டை புதிது, டென்ஷனர் பழையது. அதன் பேரிங் தேய்ந்து பட்டையின் ஓரத்தை நார் நாராகக் கிழித்துக்கொண்டிருந்தது. இன்னும் சில வாரம் போயிருந்தால் புதுப் பட்டையே அறுந்திருக்கும். இத்தகைய அனுபவம் பெற்றவர், இனி நானே செய்துகொள்கிறேன் என்று சொன்னால் அவரைக் குறை கூறலாமா?

கூற மாட்டேன். ஆனால் அந்த ஏமாற்றுக்கு மருந்து நாமே செய்வது அன்று, நாமே நிற்பது. பாகங்களை நீங்களே நல்ல கடையில் பட்டியலோடு வாங்குங்கள். போலிப் பெட்டிகள் உலவுகிற சந்தை இது. பட்டையோடு டென்ஷனரையும் மாற்றச் சொல்லுங்கள். சில எஞ்சின்களில் தண்ணீர்ப் பம்பையும் இந்தப் பட்டையே சுழற்றும். அப்படியானால் அதையும் அப்போதே மாற்றிவிடுவது நல்லது, பின்னால் அதற்கென்று மறுபடி எல்லாவற்றையும் கழற்றக் கூலி கொடுக்க நேரும். கேம், கிராங்க் பக்கத்து எண்ணெய் சீல் கசிகிறதா என்று காட்டச் சொல்லுங்கள். பழைய பாகங்களை வீட்டுக்கு வாங்கி வாருங்கள். மூன்று மணி நேரம் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பார்க்க நேரமில்லை என்பவர்க்கு ஆறு மணி நேரம் தாமே செய்ய நேரம் எங்கிருந்து வந்தது?

பணக் கணக்கு ஒன்று பாக்கி. அப்பாவின் வண்டிக்குப் பட்டையும் டென்ஷனரும் 1,900 ரூபாய். அண்ணாச்சியின் கூலி 1,200. நாமே செய்திருந்தால் மிச்சம் 1,200. டார்க் ரெஞ்சு, சாக்கெட் தொகுதி, நல்ல ஜாக்கி, இரண்டு தாங்கிகள் ஆகியவற்றை வாங்க அதைப் போல் ஐந்து மடங்காவது வேண்டும். இந்த வேலையோ ஐந்தாறு ஆண்டுக்கு ஒரு முறை வருவது. தவறினால், எஞ்சின் தலையைக் கழற்றி வால்வு மாற்ற அதே சாலையில் என்னிடம் சொன்ன தொகை 18,000. ஆயிரத்து இருநூறைக் காக்கப் பதினெட்டாயிரத்தைப் பந்தயம் வைப்பவரைச் சிக்கனக்காரர் என்பதா, சூதாடி என்பதா?

அந்த அமெரிக்கருக்கு இந்தக் கணக்கு வேறாக வரும். அங்கே மெக்கானிக்கின் ஒரு மணி நேரம் விலை உயர்ந்தது. பாகத்தின் விலையை விடக் கூலி பன்மடங்கு. ஆகவே அவர் தாமே செய்வது நல்ல பொருளாதாரம். இங்கே பாகத்தை விடக் கூலி மலிவு. அதனால்தான் நாம் செய்து மிச்சம் பிடிக்க ஒன்றும் இல்லை. தோழர்களே, என் கட்சிக்கு மிக வலுவான ஆதாரம் இதுதான். எனக்கு மிகுந்த வெட்கம் தருவதும் இதுதான். மூன்று மணி நேரம் முதுகு வளைத்து, ஓர் எஞ்சினின் உயிருக்குப் பொறுப்பேற்று, முப்பதாண்டுப் பழக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு செய்யும் வேலைக்கு 1,200 ரூபாய். அதிலும் சோட்டுவுக்கு ஒரு பங்கு. அதிலும் நம் கூட்டு வண்டிக்காரர் ஒருவர், “எண்ணூறு வைத்துக்கொள்ளக் கூடாதா?” என்று கேட்டார்! கம்பெனிப் பட்டறையின் குளிரூட்டிய அறையில் அச்சடித்த பட்டியலை நீட்டும்போது அவர் வாய் திறந்ததே இல்லை என்பதற்கு நானே சாட்சி. கழுத்துப்பட்டை அணிந்தவரிடம் பேரம் பேச நா எழாத நமக்கு, கை கறுத்தவரிடம் மட்டும் அது ஏன் இத்தனை நீளுகிறது?

நம்மில் பெரும்பாலோர் யார்? தாராவியிலும் சயான் கோலிவாடாவிலும் மாட்டுங்காவிலும் வந்து இறங்கி, கையை நம்பிப் பிழைத்தவர்களின் பிள்ளைகள். என் அப்பாவின் விரல் இடுக்கில் எண்ணெய்க் கறுப்பு இன்னும் முழுதாகப் போகவில்லை. அந்தக் கறுப்பில் கட்டிய கட்டணத்தில் படித்தவன் நான். மெக்கானிக்குக்குக் கொடுப்பதா வேண்டாமா என்ற கேள்வி வரும்போது எனக்கு அது வெறும் சிக்கனக் கணக்காகத் தெரியாததற்குக் காரணம் இதுவாகவும் இருக்கலாம்.

இதனால் நாம் ஸ்பானரையே தொடக் கூடாது என்று யாரும் பொருள் கொள்ள வேண்டாம். காற்று வடிகட்டியை மாற்றுவது, பிளக்கைக் கழற்றிப் பார்ப்பது, பாட்டரி முனையைச் சுத்தம் செய்வது, ரேடியேட்டர்த் தண்ணீரைக் கவனிப்பது, சக்கரம் மாற்றுவது, இவற்றையெல்லாம் ஒவ்வொருவரும் கற்க வேண்டும். இவற்றில் தவறு செய்தால் திருத்திக்கொள்ளலாம். சக்கரம் மாற்றத் தெரியாமல் நெடுஞ்சாலையில் தொலைபேசியோடு நின்ற இயந்திரப் பொறியியல் மாணவரையும் நான் அறிவேன். பல்பட்டை மட்டும் வேறு இனம். அதில் முதல் தவறே கடைசித் தவறாகிவிடும். நன்கு பழகிய ஒருவர் பக்கத்தில் நின்று, உங்கள் கை செய்ய அவர் கண் பார்த்தால், அப்போது செய்யுங்கள், நானும் வருகிறேன். இன்று வரும் பல கார்களில் இந்த வழக்கே எழாது என்பதும் உண்மை. 1983 டிசம்பரில் வந்த மாருதி 800-இல் பட்டை இருந்தது. அதே நிறுவனத்தின் கே வரிசைப் பெட்ரோல் எஞ்சின்களில் சங்கிலி திரும்பி வந்துவிட்டது. மின்சாரக் காரிலோ வால்வே இல்லை. ஆனால் மாணவர் வாங்குவது பழைய கார்தானே!

சங்கச் செயற்குழுவுக்கு ஒரு விண்ணப்பம். ஆண்டு விழாவுக்குச் சொற்பொழிவாளர் ஒருவரை விமானத்தில் வரவழைக்கிறோம், பொன்னாடை போர்த்துகிறோம். அந்தச் செலவில் ஒரு சிறு பகுதியை ஒதுக்கி அண்ணாச்சியை ஒரு நாள் வளாகத்துக்கு அழைப்போம். கூட்டு வண்டிக்காரரின் சான்ட்ரோவே பாடப் பொருளாக இருக்கட்டும். அதற்கு எப்படியும் பட்டை மாற்ற நாள் வந்துவிட்டது. அவர் மாற்றட்டும், நாம் சுற்றி நின்று பார்ப்போம். குறி நேர்நிறுத்தும் வரை அவர் செய்ய, கடைசி இரண்டு சுற்றை நம்மில் ஒருவர் ஸ்பானர் பிடித்துச் சுற்றிப் பார்க்கட்டும். வருகை தரும் விரிவுரையாளருக்கு என்ன கொடுக்கிறோமோ அதே தொகையை உறையில் போட்டு அவருக்கும் கொடுக்க வேண்டும். பட்டறைக் கூலி தனி. இதில் பேரம் பேச விரும்புவோர் பொதுக்குழுவில் எழுந்து நின்று பேசட்டும்.

நான் அவரிடம் கேட்டுவிட்டேன். ஞாயிறு அவருக்கு வேலை அதிகம். டாக்சிக்காரர் பலர் அன்றுதான் வருவர். செவ்வாய்க்கிழமை பிற்பகல் வர இசைந்தார். சோட்டுவையும் அழைத்து வருவாராம். அவனுக்கும் சாப்பாடு சொல்லி வையுங்கள். தரை சமமாக இருக்க வேண்டும், சாய்வு கூடாது என்றார். இயற்பியல் துறையின் பின்புறம் சைக்கிள் நிறுத்தும் இடத்தை நீர்மட்டக் குழாய் வைத்து அளந்து பார்த்தேன், போதும். பட்டையும் டென்ஷனரும் வாங்க வேண்டியது வண்டிக்காரர் நால்வர் பொறுப்பு. பட்டியல் வாங்க மறக்க வேண்டாம்.